ஆட்டிசம் இருக்குற குழந்தை ராத்திரி தூங்க மாட்டேங்குதா? மாத்திரைக்கு முன்னாடி வீட்ல பண்ண வேண்டியது

9 மணிக்கு லைட் ஆஃப் பண்ணி படுக்க வச்சாச்சு, ஆனா குழந்தை 12 மணி வரைக்கும் கட்டில்ல குதிக்குது, தனக்குள்ளயே ஏதோ பேசி சிரிக்குது, தண்ணி கேக்குது, குடிச்சதும் மறுபடி கேக்குது, ஒரு வழியா தூங்கினா 3 மணிக்கு ஃப்ரெஷ்ஷா எந்திரிச்சு உக்காந்துடுது. ஆட்டிசம் இருக்குற குழந்தைங்க வீட்ல இது ரொம்ப சகஜமான கதை. ஆய்வுக்கு ஆய்வு நம்பர் மாறும், ஆனா 50லருந்து 80 சதவீதம் குழந்தைங்களுக்கு ஏதோ ஒரு தூக்கப் பிரச்சனை இருக்குன்னு தான் பெரும்பாலும் சொல்றாங்க. உங்க வளர்ப்புல குறைன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. சத்தம், வெளிச்சம், துணி உரசுறது எல்லாத்தையும் கூடுதலா உணர்ற உடம்பு, ஒரு வேலைய விட்டுட்டு இன்னொண்ணுக்கு மாற கஷ்டப்படுற மனசு, சில பேருக்கு தூக்கத்த வரவழைக்கிற மெலடோனின் ஹார்மோன் சுரக்குற நேரமே கொஞ்சம் வேற மாதிரி, இதெல்லாம் சேர்ந்து தான் இப்படி ஆகுது.

நரம்பியல் டாக்டர்களோட அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் நியூராலஜி 2020ல ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. முதல்ல உடம்புல வேற பிரச்சனை இருக்கா, சாப்பிடுற மருந்து ஏதாவது தூக்கத்த கெடுக்குதான்னு பாருங்க, அப்புறம் பழக்கவழக்கம் சார்ந்த முறைகள், அதுல போதாம போனா மெலடோனின். வரிசை அவ்ளோ தான். நம்ம ஊர் உலகத்துல பாதி பேர் இத தலைகீழா பண்றோம், மூணாவதுல ஆரம்பிச்சு ரெண்டாவதுக்கு வரவே மாட்டோம்.

அதனால முதல்ல உடம்பு. பேச்சு வராத குழந்தையால "வயிறு எரியுது"னு சொல்ல முடியாது, அது ராத்திரி கத்தும், முதுக வில் மாதிரி வளைக்கும், நாம அத பிடிவாதம்னு எடுத்துப்போம். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், காது வலி, பல் சொத்தை, தோல் அரிப்பு, இதுல எது இருந்தாலும் என்ன ரொட்டீன் போட்டாலும் வேலைக்கு ஆகாது. தினமும் குறட்டை விடுது, நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா மூக்குக்கு பின்னாடி இருக்குற அடினாய்ட் சதை, தொண்டைல டான்சில், ரெண்டும் வீங்கியிருக்கான்னு பாக்கணும். படுத்ததும் கால உதறிக்கிட்டே இருக்கு, கால அமுக்கி விட்டா தான் அமைதியாகுதுன்னா உடம்புல இரும்புச்சத்து எவ்ளோ சேமிப்பு இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின் அளவு பாக்க சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, இரும்புச்சத்து குறைஞ்சா இந்த கால் தொந்தரவு வரும், சாப்பாட்டுல ரொம்ப செலக்டிவ்வா இருக்குற குழந்தைங்களுக்கு இது குறையுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. தூக்கத்துல உடம்பு விறைக்குது, ஒரே மாதிரி வெட்டி வெட்டி இழுக்குதுன்னா ஃபோன்ல வீடியோ எடுத்து வச்சு சீக்கிரமா டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆட்டிசத்தோட வலிப்பும் சேர்ந்து வர்றது அபூர்வமில்ல.

அடுத்தது ஒரு வேலை, போர் அடிக்கும், ஆனா இத ஸ்கிப் பண்ணா மிச்சம் எல்லாமே குருட்டாம்போக்கு தான். 2 வாரத்துக்கு ஒரு நோட்டுல எழுதுங்க. எத்தனை மணிக்கு படுக்க போச்சு, நிஜமா எத்தனை மணிக்கு தூங்குச்சு, தூங்குறப்போ யாரு பக்கத்துல இருந்தா, கையில என்ன இருந்துச்சு, ராத்திரி எப்போ முழிச்சுது, முழிச்சப்போ நீங்க என்ன பண்ணீங்க, காலைல எப்போ எந்திரிச்சுது, பகல்ல எப்போ கண் அசந்துச்சு. கடைசி ரெண்டும் முக்கியம். சாயங்காலம் 5 மணிக்கு தெரபி முடிஞ்சு வண்டில வர்றப்போ 20 நிமிஷம் தூங்கிடும் பாருங்க, அத யாரும் கணக்குலயே எடுக்க மாட்டாங்க, ஆனா ராத்திரி 9 மணி தூக்கத்த அந்த 20 நிமிஷம் 11க்கு தள்ளிடும்.

"நீங்க என்ன பண்ணீங்க"ங்குற கட்டத்த மட்டும் மறைக்காம எழுதுங்க. ஃபோன் குடுத்தேன், மடியில போட்டு ஆட்டினேன், திட்டினேன், நானும் தூங்கிட்டேன், எதுவா இருந்தாலும். ஏன்னா 2 வாரம் கழிச்சு அந்த பக்கங்கள திருப்பி பாக்குறப்போ, குழந்தை தூங்காம இருந்தா அதுக்கு என்ன கிடைக்குதுன்னு தெரிஞ்சிடும். நீங்க கிடைக்கிறீங்களா, ஃபோனோ டேப்லெட்டோ கிடைக்குதா, இருட்டு ரூம்லருந்து தப்பிக்கிறது கிடைக்குதா, இல்ல யாரும் ஒண்ணும் குடுக்கல, குதிக்கிறதே அதுக்கு சந்தோஷமா? இந்த நாலுல எதுங்குறத பொறுத்து நீங்க பண்ண வேண்டியது முழுசா மாறும். பக்கத்து வீட்டு குழந்தைக்கு வேலை செஞ்ச டெக்னிக் உங்களுக்கு வேலை செய்யாம போறதுக்கு காரணம் பெரும்பாலும் இது தான், அங்க குழந்தைக்கு அம்மா வேணும், இங்க குழந்தைக்கு குதிக்கணும்.

ரூம பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். இருட்டா, கொஞ்சம் குளுமையா, சத்தம் கம்மியா இருக்கணும், இது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா இந்த குழந்தைங்க விஷயத்துல நீங்களே அந்த படுக்கையில 10 நிமிஷம் லைட் அணைச்சுட்டு படுத்து பாருங்க. சார்ஜர்ல மினுக்குற புள்ளி வெளிச்சம், ஃபேன் சுத்துறப்போ வர்ற டக் டக் சத்தம், நைட் டிரஸ் கழுத்துல இருக்குற லேபிள், புது பெட்ஷீட்டோட சோப்பு வாசனை, நாம கவனிக்கவே மாட்டோம், அதுக்கு அது பெரிய தொல்லை. ஃபேன் சத்தம் இருந்தா தான் தூங்குற குழந்தையும் உண்டு, அதுக்கு ஃபேன நிறுத்தினா முழிப்பு வந்துடும். சாயங்காலத்துக்கு மேல டீ, காபி, கோலா, சாக்லேட் வேணாம். படுக்குறதுக்கு 1 மணி நேரம் முன்னாடி ஸ்க்ரீன் வேணாம், வீட்டு லைட்டையும் கொஞ்சம் மங்கலாக்கிடுங்க. காலைல எந்திரிச்சதும் வெளிச்சத்துல நிக்க வைங்க, உடம்போட கடிகாரத்த செட் பண்றதுல காலை வெளிச்சத்துக்கு பெரிய பங்கு இருக்கு.

இப்போ மெயின் விஷயம், நேரம்.

நிறைய பேர் பண்றது என்னன்னா, குழந்தை 11:30க்கு தான் தூங்குதா, சரி 8:30க்கே படுக்க வச்சா 9:30க்காவது தூங்கும்னு ஒரு கணக்கு. இது அப்படியே எதிரா வேலை செய்யும். வழக்கமா தூங்குற நேரத்துக்கு முந்தின ரெண்டு மூணு மணி நேரம் உடம்பு ரொம்ப உஷாரா இருக்குற நேரம், தூக்க ஆராய்ச்சில இத தூக்கத்துக்கு தடை போட்ட நேரம்னே சொல்றாங்க. அந்த நேரத்துல கட்டில்ல போட்டா குழந்தை 3 மணி நேரம் அங்க முழிச்சுக்கிட்டு கிடக்கும், அழும், விளையாடும், கடைசில கட்டில்னாலே முழிச்சிருக்குற இடம்னு அதுக்கு பதிஞ்சிடும்.

அதுக்கு பதிலா படுக்குற நேரத்த தள்ளிப் போட்டு ஆரம்பிக்கணும். பியாஸா, ஃபிஷர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1991ல எழுதின முறையோட அடிப்படை இது. உங்க நோட்டுல இருந்து நிஜமா தூங்குற நேரத்தோட சராசரி எடுங்க, 11:30னு வச்சுப்போம். அதோட அரை மணி நேரம் கூட்டுங்க, 12 மணி. இன்னைக்கு ராத்திரி 12 வரைக்கும் குழந்தைய படுக்கவே விடாதீங்க, மங்கலான வெளிச்சத்துல புத்தகம், பஸில், ஏதாவது அமைதியா பண்ணட்டும், ஸ்க்ரீன் வேணாம், சோஃபால சாயவும் விட வேணாம். 12க்கு கட்டிலுக்கு போனா பெரும்பாலும் சட்டுனு தூங்கிடும். 15 நிமிஷத்துக்குள்ள தூங்கிடுச்சா, அடுத்த நாள் 11:45 இல்லனா 11:30. தூங்கலையா, அடுத்த நாள் அரை மணி நேரம் பின்னாடி தள்ளுங்க. ஒரிஜினல் முறைல ஒவ்வொரு ராத்திரியும் அரை மணி நேரமா மாத்துவாங்க, அதோட தூங்கலனா அன்னைக்கே கட்டில்லருந்து எழுப்பி 1 மணி நேரம் வெளிய உக்கார வைக்கிறதும் உண்டு, ஆனா வீட்டுல பண்றப்போ 15 நிமிஷமா, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை நகர்த்துறது தான் எனக்கு சரியா படுது. மெதுவா போங்க, ஓடிப் போய் ஒண்ணும் ஆகப் போறதில்ல.

இதுல விட்டுக்குடுக்கவே கூடாதது காலைல எழுப்புற நேரம். ராத்திரி 1 மணிக்கு தூங்கினாலும் காலைல 7னா 7 தான், ஞாயித்துக்கிழமையும் 7. பாவம் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்னு 9:30 வரைக்கும் விட்டீங்கன்னா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வர்ற அளவுக்கு களைப்பு சேராது, பண்ணின வேலை எல்லாம் போச்சு. பகல் தூக்கமும் அந்த வயசுக்கு தேவையில்லனா வேணாம். முதல் வாரம் குழந்தை பகல்ல சிடுசிடுன்னு இருக்கும், நீங்களும் தான், அதனால பரீட்சை, பயணம், வீட்ல விசேஷம் இல்லாத ஒரு வாரமா பாத்து ஆரம்பிங்க. ஒரு எச்சரிக்கை, வலிப்பு இருக்குற குழந்தைக்கு இந்த முறைய டாக்டர கேக்காம பண்ணவே கூடாது, தூக்கம் குறைஞ்சா சில பேருக்கு வலிப்பு தூண்டப்படும்.

எவ்ளோ தூரம் முன்னாடி கொண்டு வரலாம்னா வயசு பொறுத்தது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஸ்லீப் மெடிசின் 2016ல சொன்ன கணக்கு, 3லருந்து 5 வயசு வரைக்கும் பகல் தூக்கம் சேர்த்து 10லருந்து 13 மணி நேரம், 6லருந்து 12 வயசுக்கு 9லருந்து 12 மணி நேரம், அதுக்கு மேல 18 வரைக்கும் 8லருந்து 10. சில குழந்தைங்க இதுல கீழ் எல்லையில தான் நிக்கும், பகல்ல நல்லா சுறுசுறுப்பா இருந்தா அதோட விட்டுடுங்க.

ரொட்டீனுக்கு வருவோம். படுக்குறதுக்கு முன்னாடி 20லருந்து 30 நிமிஷம், நாலஞ்சு வேலை, தினமும் ஒரே வரிசை. பாத்ரூம், பல் தேய்க்கிறது, டிரஸ் மாத்துறது, ஒரு புத்தகம், லைட் ஆஃப். இத வாயால சொல்றத விட படமா காட்டுறது இந்த குழந்தைங்களுக்கு நல்லா பிடிபடும், அதுவும் இன்டர்நெட்ல எடுத்த கார்ட்டூன் படத்த விட உங்க வீட்டு பிரஷ், உங்க வீட்டு கட்டிலோட ஃபோட்டோ. ஒரு அட்டைல வரிசையா ஒட்டி, ஒவ்வொண்ணு முடிஞ்சதும் குழந்தையே அந்த படத்த எடுத்து ஒரு டப்பால போடணும். படம் புரியாத சின்ன குழந்தைன்னா பொருளையே கையில குடுங்க, பிரஷ் குடுத்தா பல் தேய்க்க போறோம், தலகாணி குடுத்தா படுக்க போறோம். குளிக்கிறது சில குழந்தைங்கள சாந்தமாக்கும், சில குழந்தைங்கள கிளப்பி விட்டுடும், உங்க குழந்தை ரெண்டாவது ரகம்னா குளியல சாயங்காலத்துக்கு மாத்திடுங்க. ரொம்ப பிடிச்ச விஷயத்த நிறுத்திட்டு நேரா ரொட்டீனுக்கு இழுக்காதீங்க, டிரெயின் செட்ட பிடுங்கிட்டு பல் தேய்னு சொன்னா சண்டை தான் வரும், நடுவுல சுமாரா பிடிச்ச ஒண்ண வைங்க. அம்மா ஒரு வரிசை அப்பா ஒரு வரிசைன்னு பண்றதும் வேணாம்.

அடுத்து யாரு பக்கத்துல இருக்கா, கையில என்ன இருக்குங்குற விஷயம். ராத்திரி எல்லாருக்குமே பல தடவை லேசா முழிப்பு வரும், நமக்கு அது ஞாபகம் கூட இருக்காது, புரண்டு படுத்துடுவோம். ஆனா குழந்தை தூங்குறப்போ அம்மா கை மேல இருந்துச்சு, ஃபோன்ல பாட்டு ஓடுச்சு, 2 மணிக்கு லேசா முழிச்சா கையும் இல்ல பாட்டும் இல்லன்னா முழுசா எந்திரிச்சு அதெல்லாம் தேடும். அதனால தூங்குறப்போ என்ன இருக்கோ அது ராத்திரி முழுக்க இருக்கணும், இருக்க முடியாததுன்னா தூங்குறப்பவே இருக்கக் கூடாது. கூட படுக்குறது தப்புன்னு நான் சொல்ல வரல, நீங்க விடிய விடிய அங்கயே தூங்குறீங்க, எல்லாருக்கும் தூக்கம் வருதுன்னா அதுல பிரச்சனையே இல்ல. தூங்க வச்சுட்டு மெதுவா நழுவி வர்றது தான் பிரச்சனை.

குழந்தை தனியா தூங்கணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரே நாள்ல கதவ சாத்திட்டு அழ விடுற வழி இருக்கு, ஆய்வுகள்ல அது வேலை செய்யுதுன்னும் இருக்கு, ஆனா தலைய சுவத்துல இடிச்சுக்கிற, கைய கடிச்சுக்கிற குழந்தைக்கு அது ஆபத்து, நான் சொல்லவே மாட்டேன். படிப்படியா விலகுறது பாதுகாப்பு. கூட படுத்திருந்தவங்க கட்டில்ல உக்காருங்க, சில நாள் கழிச்சு கட்டில் பக்கத்துல சேர், அப்புறம் ரூம் நடுவுல சேர், அப்புறம் கதவுகிட்ட, அப்புறம் கதவுக்கு வெளிய. ஒரு இடத்துல மூணு நாலு நாள் நிம்மதியா தூங்கினா அடுத்த இடம். அந்த சேர்ல நீங்க ரொம்ப போரான ஆளா இருக்கணும், பேச்சு இல்ல, கண்ண பாக்குறது இல்ல. இன்னொரு வழி, குழந்தை எந்திரிச்சு வர்றதுக்கு முன்னாடியே நீங்க போய் எட்டிப் பாக்குறது. முதல்ல 1 நிமிஷத்துல, அப்புறம் 3, அப்புறம் 5, அமைதியா படுத்திருக்குறப்போ தான் அம்மா வருவாங்கன்னு அதுக்கு புரியும், எந்திரிச்சு வர வேண்டிய அவசியமே போயிடும். ஓரளவு பேசி புரிஞ்சுக்கிற குழந்தைன்னா ஒரு அட்டை குடுங்க, ராத்திரிக்கு ஒரு தடவை அத குடுத்து தண்ணியோ கட்டிப்பிடியோ கேக்கலாம், அட்டை போயிடுச்சுன்னா அன்னைக்கு அவ்ளோ தான், உபயோகிக்காம வச்சிருந்தா காலைல எந்திரிச்ச உடனே பிடிச்சது ஒண்ணு கிடைக்கும்.

எது பண்ணாலும் ஆரம்பத்துல கொஞ்சம் மோசமாகும், இத முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. வழக்கமா கிடைச்சது கிடைக்கலன்னா குழந்தை இன்னும் சத்தமா கேட்டு பாக்கும், அது இயல்பு. 40 நிமிஷம் தாங்கிட்டு 41வது நிமிஷம் ஃபோன குடுத்தீங்கன்னா 40 நிமிஷம் கத்தினா ஃபோன் வரும்னு நீங்களே கத்து குடுத்த மாதிரி ஆயிடும், அதுக்கு ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம். வீட்ல தாத்தா பாட்டி இருந்தா அவங்ககிட்ட முதல்லயே பேசி வைங்க, ஏன்னா அந்த 41வது நிமிஷம் வர்றது பெரும்பாலும் அவங்க ரூம்லருந்து தான்.

குதிக்கிறது, ஒரே வசனத்த திரும்ப திரும்ப சொல்றது, கை ஆட்டுறது, இது தானா கிடைக்கிற சந்தோஷம், இங்க கண்டுக்காம விடுறதால ஒண்ணும் மாறாது. சாயங்காலம் நல்லா குதிக்க விடுங்க, ஊஞ்சல், ஓட்டம், தலகாணிய தள்ளுற விளையாட்டு, எல்லாம் படுக்குறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி முடிஞ்சிடணும். சத்தம் போடுற, சுத்துற, மினுக்குற பொம்மைய ரூம்லருந்து எடுத்துடுங்க. ஆனா குழந்தை அமைதியா படுத்துக்கிட்டு போர்வை நுனிய தேய்ச்சுக்கிட்டே 20 நிமிஷத்துல தூங்கிடுதுன்னா அத தயவு செஞ்சு நிறுத்தாதீங்க, அது தன்னைத்தானே தூங்க வச்சுக்குது.

நடு ராத்திரி முழிப்புக்கு தனி மந்திரம் ஒண்ணும் கிடையாது, லைட் போடாதீங்க, பேசாதீங்க, கைய பிடிச்சு கட்டிலுக்கு கூட்டிட்டு போங்க, எத்தனை தடவை வந்தாலும் அதே மாதிரி. காலைல 4 மணிக்கு எந்திரிக்கிற குழந்தைக்கு முதல்ல கணக்கு பாருங்க, 7 மணிக்கே தூங்கிடுச்சுன்னா 9 மணி நேரம் முடிஞ்சு போச்சு, படுக்குற நேரத்த தள்ளணும், வேற ஒண்ணும் வேணாம். இல்லனா நேரம் ஆனதும் பச்சை கலர் எரியுற லைட் ஒண்ணு வச்சு, பச்சை வந்தா தான் வெளிய வரலாம்னு பழக்கலாம், முதல்ல அது வழக்கமா எந்திரிக்கிற நேரத்துக்கே செட் பண்ணி ஜெயிக்க விடுங்க, அப்புறம் 10 நிமிஷமா தள்ளுங்க. 4 மணிக்கு ஃபோனோ டேப்லெட்டோ குடுக்குற வீட்ல மட்டும் எந்த லைட்டும் வேலை செய்யாது.

ராத்திரி எந்திரிச்சு வீட்ட விட்டு வெளிய போற குழந்தைங்க இருக்காங்க, அதனால வாசக்கதவுக்கு மேல எட்டாத உயரத்துல தாழ்ப்பாள், கதவு திறந்தா சத்தம் வர்ற மாதிரி ஒரு மணி, ஜன்னல், கேஸ், மருந்து எல்லாம் பத்திரம். குழந்தைய ரூமுக்குள்ள வச்சு வெளிய பூட்டு போடாதீங்க, ஏதாவது ஆபத்துன்னா அதால வெளிய வர முடியாது.

வெயிட்டட் ப்ளாங்கெட், அதாவது உள்ள எடை வச்சு தைச்ச கனமான போர்வை, இத பத்தி எல்லாரும் கேப்பாங்க. 2014ல பிரிட்டன்ல ஆட்டிசம் இருக்குற குழந்தைங்கள வச்சு ஒழுங்கா ஒரு ட்ரையல் பண்ணாங்க, தூங்குற நேரம் கூடல, ஆனா குழந்தைங்களுக்கும் பெத்தவங்களுக்கும் அந்த போர்வை பிடிச்சிருந்துச்சு. குழந்தை தானே விலக்க முடியுற எடைல இருந்து, அதுக்கு பிடிச்சிருந்தா வச்சுக்கலாம், சின்ன குழந்தைக்கு வேணவே வேணாம். தூக்கத்துக்காக கடன் வாங்கி வாங்குற பொருள் இல்ல அது.

மெலடோனின் கெட்டது கிடையாது, இதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் தூங்க ஆரம்பிக்கிறதுக்கே ரொம்ப நேரம் ஆகுதுன்னா அது உதவும்னு நல்ல ஆதாரம் இருக்கு. டாக்டர் சொல்ற அளவு, சொல்ற நேரம், நீங்களா கூட்டாதீங்க. கடைல சப்ளிமெண்ட்டா விக்கிறதுல லேபிள்ல போட்டிருக்குற அளவும் உள்ள இருக்குற அளவும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, 2017ல கனடாவுல டெஸ்ட் பண்ணப்போ நிறைய பிராண்ட்ல பெருசா வித்தியாசம் வந்துச்சு. மாத்திரை குடுத்தாலும் ரொட்டீன விட்டுடாதீங்க.

ஒரு நேரத்துல ஒரு மாத்தம் மட்டும் பண்ணுங்க, குறைஞ்சது 2 வாரம் குடுங்க, நோட்டுல எழுதுறத நிறுத்தாதீங்க. நாள் முறை வச்சு ஒரு ராத்திரி நீங்க, ஒரு ராத்திரி வீட்ல இன்னொருத்தர்னு பிரிச்சுக்கோங்க, தூங்காத ஆளால 2 மணிக்கு போரா இருக்க முடியாது, கோபம் தான் வரும். காய்ச்சல், பயணம், ஸ்கூல் லீவு வந்தா பழைய கதை ரெண்டு மூணு நாள் திரும்பி வரும். உடம்பு சரியில்லாதப்போ கூட படுத்துக்கோங்க, அதுக்கெல்லாம் கணக்கு பாக்க வேணாம், சரியானதும் காலைல எழுப்புற நேரத்த முதல்ல பழையபடி கொண்டு வந்துட்டு, படத்த ஒட்டுங்க, சேரை கட்டில் பக்கத்துல இருந்தே திரும்ப ஆரம்பிங்க. முதல் தடவை ஒரு மாசம் ஆனது இந்த தடவை பெரும்பாலும் சில நாள்லயே முடிஞ்சிடும்.